யாழ்ப்பாணத்தில் வீட்டுக்குப் புல்தரையா, அலங்காரப் புல்லா? முதலில் கிணற்றைக் கேளுங்கள்

போன வருசம் ஆனி மாதம் வீட்டு முன்முற்றத்தில் ஆயிரம் சதுர அடிக்குப் புல் விரித்தேன். நல்லூர்த் திருவிழாவுக்குக் கனடாவிலிருந்து பெரியண்ணா குடும்பம் வருவதாக இருந்தது. அவர்கள் வந்து இறங்கும்போது வாசல் பச்சையாக இருக்கவேண்டும் என்று அம்மாவுக்கு ஆசை. எனக்கும்தான். கோயிலில் கொடியேறிய அன்று என் முற்றம் வைக்கோல் நிறத்தில் கிடந்தது. பெரியண்ணாவின் மகள் அதைப் பார்த்துவிட்டு, "சித்தப்பா, இது மாட்டுக்கோ?" என்று கேட்டாள்.

புல்லுக்குக் கொடுத்த காசு ஒரு பக்கம் போக, கிணறு சவர் தட்டியது, மின்சாரப் பட்டியலும் ஏறியது. எல்லாவற்றையும் தலைகீழ் ஒழுங்கில் செய்ததுதான் என் பிழை. முதலில் புல்லை வாங்கினேன், பிறகு மண்ணைத் தோண்டிப் பார்த்தேன், கோடைத் தண்ணீரைக் கடைசியில்தான் சோதித்தேன். கீழே இருப்பவை அதே வேலைகள்தான், செய்யவேண்டிய ஒழுங்கில் எழுதியிருக்கிறேன். என் வீடு வலிகாமத்துச் செம்மண்ணில் இருக்கிறது. தென்மராட்சி, வடமராட்சி மணலில் இருப்பவர்களுக்கு எங்கே கணக்கு மாறும் என்பதையும் அங்கங்கே சொல்கிறேன்.

1. எது எதற்கு என்று முடிவெடுங்கள்

புல்தரைப் புல் பாய் போலப் படரும், மிதித்தால் தாங்கும், அடிக்கடி வெட்டவேண்டும். அலங்காரப் புல் தூர் கட்டி நிற்கும். முழங்கால் உயரத்திலிருந்து ஆளுயரம் வரை வளரும், வருசத்துக்கு ஒரு தடவை வெட்டினால் போதும். ஆனால் அதன்மேல் பிள்ளைகள் விளையாட முடியாது, கதிரை போட்டு உட்காரவும் முடியாது.

ஆகவே கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான். அந்த இடத்தில் யாராவது கால் வைக்கப் போகிறார்களா? பிள்ளைகள் ஓடுவார்கள், பின்னேரம் கதிரை போட்டு இருப்போம் என்றால் அந்த அளவு இடத்துக்குப் புல்தரை. மதிலோரம், வாகனம் விடும் இடத்தின் ஓரம், கேற்றடி என்று வெறும் பார்வைக்கு இருக்கும் இடங்களுக்கு அலங்காரப் புல். நான் ஆயிரம் சதுர அடி விரித்தேன். பின்னர் கவனித்துப் பார்த்தால், விறாந்தைக்கு முன்னால் இருநூறு சதுர அடிக்கு அப்பால் யாரும் கால் வைத்ததே இல்லை. மிச்ச எண்ணூறு அடிக்கும் சும்மா தண்ணீர் இறைத்திருக்கிறேன்.

இன்னொன்றையும் மறக்கவேண்டாம். காலையில் ஈர்க்குமாறால் கூட்டிய மணல் முற்றமும் ஒரு தெரிவுதான். அதற்குத் தண்ணீர் வேண்டாம், பூச்சி பாம்பு வந்தால் உடனே தெரியும். நம் முன்னோர் வீட்டைச் சுற்றிப் புல் விடாமல் வைத்திருந்ததில் ஒரு கணக்கு இருந்திருக்கிறது.

2. காணி உறுதியை எடுத்து வாசியுங்கள்

புல்லுக்கும் உறுதிக்கும் என்ன தொடர்பு என்று நானும் கேட்டிருப்பேன். கிணறு உங்களுக்கு மட்டும் சொந்தமா என்பது அதில்தான் இருக்கும். பிரித்துக் கொடுத்த சீதனக் காணிகளில் கிணறு பெரும்பாலும் பங்குக் கிணறாக இருக்கும். உறுதியில் கிணற்றில் பங்கு, வழி, வாய்க்கால் என்று எழுதியிருப்பார்கள். பங்குக் கிணற்றில் குடிக்க, குளிக்க அள்ளுவதை யாரும் கேட்கமாட்டார்கள். ஆடி மாதத்தில் மோட்டார் போட்டுப் புல்லுக்கு இறைத்தால் கட்டாயம் கேட்பார்கள், கேட்பதில் நியாயமும் இருக்கிறது. பங்குக் கிணறு என்றால் பெரிய புல்தரை யோசனையை இந்தப் படியிலேயே விட்டுவிடுங்கள்.

அளவைப் படத்தையும் பாருங்கள். மதிலுக்கு வெளியே வீதியோரத்தில் இருக்கும் துண்டு உங்களுடையது அல்ல. அதில் நடுவதென்றால் உள்வீதிக்குப் பிரதேச சபையிலோ மாநகர சபையிலோ முதலே கேட்டுக்கொள்வது நல்லது. வடிகால் வெட்ட வருகிறவர்கள் உங்கள் பூம்புல்லைப் பார்த்துத் தயங்கப் போவதில்லை.

3. தண்ணீரைச் சோதியுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரு படியை மட்டும் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள்.

எங்கள் குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணாம்புக் கல். மழைநீர் அதில் இறங்கி, கீழே இருக்கும் கடல்நீருக்கு மேல் மெல்லிய ஆடை போல மிதந்து நிற்கிறது. மேலிருந்து நல்ல தண்ணீரை அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழிருந்து உவர் ஏறும். அதனால் தை மாதத்தில் இளநீர் போல இருக்கும் கிணறு புரட்டாசியில் வாயில் வைக்க முடியாமல் போவதுண்டு. நான் சோதித்தது மழை முடிந்த கையோடு. அந்த எண்ணைப் பார்த்துவிட்டு நிம்மதியாக இருந்தேன். அதே கிணற்றை ஆவணியில் சோதித்தபோது எண் இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. சோதிப்பதென்றால் கோடையின் கடைசியில் சோதியுங்கள். அந்தத் தண்ணீரைத்தான் உங்கள் புல் குடிக்கப் போகிறது.

பார்க்கவேண்டியது மின்கடத்துதிறன், தண்ணீரில் உப்பு கூடினால் அதுவும் கூடும். பேனா அளவில் கையில் பிடிக்கும் மீற்றர்கள் இப்போது எளிதாகக் கிடைக்கின்றன. தோட்டம் செய்கிறவர்களில் யாரிடமாவது இருக்கும், இரவல் வாங்கலாம். ஐக்கிய நாடுகள் உணவு விவசாய அமைப்பின் பாசன நீர் அளவுகோலை நான் இப்படி வைத்துக்கொண்டேன்:

மீற்றரில் 700 மைக்ரோசீமனுக்குக் கீழே என்றால் எதையும் நடலாம். 700இலிருந்து 3000 வரை என்றால் தேர்ந்துதான் நடவேண்டும். 3000க்கு மேல் என்றால் அந்தத் தண்ணீரை நம்பிப் புல்தரை போடாதீர்கள்.

இங்கே பலர் விழும் ஒரு பொறி இருக்கிறது. கேத்திலில் வெள்ளையாகப் படிகிறதே, அது சுண்ணாம்பு. சவர்க்காரம் நுரைக்காமல் இருப்பதும் அதனால்தான். அது வேறு, உப்பு வேறு. இரண்டும் புல்லைப் பாதிக்கும், ஆனால் வேறு வேறு விதமாக. சுண்ணாம்பின் கதை ஆறாம் படியில் வருகிறது.

4. தண்ணீர்க் கணக்கைப் போடுங்கள்

ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் தண்ணீர் நின்றால் அது ஒரு லீற்றர். சோளகக் காற்று வீசும் மாதங்களில் புல்தரைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 மில்லிமீற்றர் வேண்டும். ஆயிரம் சதுர அடி என்பது 93 சதுர மீற்றர். ஆக, நாளுக்கு 370 லீற்றர் போகும். வைகாசியிலிருந்து ஆவணி வரை நாலு மாதத்துக்கு 44,000 லீற்றருக்கு மேல். கூரையில் இருக்கும் ஆயிரம் லீற்றர் தாங்கியை நாற்பத்து நாலு தடவை நிரப்பிப் புல்லில் ஊற்றுவதாக நினைத்துப் பாருங்கள்.

அதே இடத்தில் நாற்பது தூர் அலங்காரப் புல் வைத்தால்? வேர் பிடித்த பிறகு தூருக்கு 5 லீற்றர், கிழமைக்கு இரண்டு தடவை. மொத்தம் கிழமைக்கு 400 லீற்றர். புல்தரை ஒரு நாளில் குடிப்பதைத் தூர்ப்புல் ஒரு கிழமை வைத்துக் குடிக்கும். ஒரு மாரி கண்ட தூருக்கு அதுகூட வேண்டாம், பத்து நாளைக்கு ஒருக்கால் ஊற்றினால் நிற்கும்.

மின்சாரத்தையும் சேருங்கள். ஒரு குதிரைவலு மோட்டார் மணிக்கு ஏறத்தாழ ஒரு யூனிட் எடுக்கும். தெளிப்பானை மாட்டிவிட்டுத் தினம் ஒரு மணி நேரம் ஓடவிட்டால் மாதம் 30 யூனிட். பார்க்கச் சின்ன எண்தான். ஆனால் வீட்டுப் பட்டியல் 60, 90, 120, 180 என்று படிப்படியாக ஏறுகிறது. ஏற்கெனவே 100 யூனிட் ஓடும் வீடு இந்த முப்பதால் அடுத்த படிக்குப் போய்விடும். அங்கே யூனிட் விலையும் நிலையான கட்டணமும் வேறு. எனக்கு ஆடி மாதப் பட்டியல் வந்த அன்று அம்மா பூசையறையிலிருந்து வெளியே வரவே இல்லை.

5. அலவாங்கால் குத்திப் பாருங்கள்

முற்றத்தில் ஐந்தடிக்கு ஒரு இடமாக அலவாங்கை இறக்குங்கள். வலிகாமத்தில் சில இடங்களில் மூன்றடி செம்மண் இருக்கும், பத்தடி தள்ளினால் நாலு அங்குலத்தில் கல் தட்டும். கல் தட்டும் இடங்களைச் சுண்ணாம்புத் தூளால் குறித்துக்கொள்ளுங்கள். புல்தரைக்கு நாலிலிருந்து ஆறு அங்குலம் நல்ல மண் வேண்டும். தூர்ப்புல்லுக்கு ஒரு கன அடிக் குழி போதும், கல் இல்லாத இடமாகப் பார்த்துக் குழியை நகர்த்தலாம். புல்தரையில் அந்த வசதி இல்லை, முழு இடத்துக்கும் மண் ஏற்றவேண்டும்.

கொடிகாமம், வடமராட்சி கிழக்குப் பக்கத்து மணலில் கல் பிரச்சினை குறைவு. அங்கே ஊற்றிய தண்ணீர் நிற்காமல் இறங்கிவிடும். கூட்டெருவும் தும்புத்தூளும் கலக்காமல் எந்தப் புல்லும் நடாதீர்கள். நாவற்குழி, அரியாலை என்று கடல்நீரேரி ஓரமாக இருப்பவர்கள் தண்ணீரோடு மண்ணிலும் உப்பைச் சோதிக்கவேண்டும். எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது, என்ன கட்டணம் என்பதை உங்கள் பகுதிக் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள். ஒரு இடத்து மண்ணை அள்ளிக் கொடுக்காமல், ஏழெட்டு இடத்தில் அரையடி ஆழத்தில் எடுத்துக் கலந்து, நிழலில் உலர்த்தி, அதில் அரைக் கிலோவைப் பையில் போட்டுக் கொண்டுபோங்கள்.

6. எந்தப் புல்?

புல்தரைக்கு:

விற்கிறவர்கள் நாட்டுப் பெயர்களைச் சொல்வார்கள். மலேசியன் புல், ஆஸ்திரேலியன் புல் என்று. ஒரே பெயரில் இரண்டு கடையில் இரண்டு புல்லைப் பார்த்திருக்கிறேன். பெயரை விட்டு இலையைப் பாருங்கள்.

இலை விரல் அகலத்துக்குக் கிட்ட, மென்மையாக, வெளிர் பச்சையாக இருந்தால் அது பெரும்பாலும் ஆக்சோனோபஸ் வகை. கொழும்பில் மரநிழலில் அழகாக வளரும். அதற்குப் புளிப்பு மண்ணும் ஈரமும் வேண்டும், உப்பு ஆகாது. எங்கள் சுண்ணாம்பு மண்ணிலும் தண்ணீரிலும் அதற்கு இரும்புச் சத்து எடுக்க வராது. இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சைக் கோடாக நிற்கும். நான் விரித்தது இதைத்தான். மஞ்சளைப் பார்த்ததும் பசளை போதவில்லை என்று யூரியா போட்டேன், அது இன்னும் கெட்டது.

இலை ஊசி போல மெல்லியதாக, கையால் அழுத்தினால் தூரிகை போல விறைப்பாக இருந்தால் சொய்சியா வகை. வெயிலும் ஓரளவு உப்பும் தாங்கும், மெதுவாக வளரும். வெட்டும் வேலை குறைவு, ஆனால் இடைவெளி மூட மாதக்கணக்காகும், விலையும் கூட.

தடித்த தண்டும் அகன்ற விறைப்பான இலையும் கொண்ட பஃபலோ புல்லும் உண்டு. உப்பையும் சுண்ணாம்பையும் தாங்கும், கொஞ்சம் நிழலிலும் நிற்கும். பார்வைக்கு முரடு. வேம்பு, மா நிழல் விழும் முற்றத்துக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

அப்புறம் அறுகு. காசு கொடுக்காமல் கிடைக்கும், வெயில், உப்பு, வறட்சி மூன்றையும் தாங்கும், காய்ந்து கருகினாலும் ஐப்பசி மழைக்குத் தானாக எழும்பும். வெள்ளிக்கிழமை பிள்ளையாருக்கும் ஆச்சு. நிழலில் மட்டும் வராது. ஆனால் பக்கத்தில் வெங்காயமோ மிளகாயோ போடும் தோட்டக் காணி இருந்தால் வேலியோரத்தில் அறுகு நடவேண்டாம். கொடி நிலத்துக்குக் கீழாகவே எல்லை தாண்டும். நான் அறுகு நடுவதைப் பார்த்த பக்கத்துத் தோட்டத்து அண்ணை வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "தம்பி, உந்தப் புல்லைப் பிடுங்கத்தான் நாங்கள் வாழ்நாள் முழுக்க மண்வெட்டி பிடிச்சனாங்கள். நீர் ஆள் வைச்சு நடுறீரோ?" என்றார். அவருக்காக எல்லையில் முக்காலடி ஆழத்துக்குத் தகடு இறக்கினேன்.

அலங்காரப் புல்லுக்கு:

வெட்டிவேர் எங்கள் ஊருக்கென்றே அமைந்த புல். உப்பு, சுண்ணாம்பு, காற்று எல்லாவற்றையும் தாங்கும், தூர் இருந்த இடத்திலேயே நிற்கும், படராது. நாலைந்தடி உயரம் வரும். எலுமிச்சம்புல் அதைவிடக் குட்டை, தேத்தண்ணிக்கும் ஆகும், ஆனால் வெட்டிவேர் அளவுக்கு உப்பைத் தாங்காது.

ஊதா நிறத்தில் நரிவால் போலப் பூக்கும் பெனிசெட்டம் நர்சரிகளில் நல்ல விலை போகிறது. ஊதா வகை அநேகமாக விதை கட்டாது, அதை வாங்கலாம். அதே குடும்பத்தின் பச்சை வகை விதையால் பரவும். பல நாடுகளில் அது களையாகிக் காட்டை எரிக்கும் அளவுக்குப் போயிருக்கிறது. சோளகம் வீசும் ஊரில் அந்த விதையைக் காற்றில் விடாதீர்கள். கினிப் புல்லும் அப்படித்தான். மாட்டுக்கு நல்ல தீனி, வீட்டு அழகுக்கு வேண்டாம்.

நிழலுக்கு மொண்டோ, கிணற்றடி வடிகாலுக்குக் குடை போல விரியும் குடைக்கோரை. இரண்டும் தாவரவியல்படி புல் இல்லை. கடைகளில் புல்லோடுதான் வைத்திருப்பார்கள், நமக்கும் அதனால் ஒன்றுமில்லை.

பம்பாஸ், நீலப் பெஸ்கியூ போன்றவற்றை இணையப் படங்களில் பார்த்து ஆசைப்படவேண்டாம். நீலப் பெஸ்கியூ குளிர்நாட்டுப் புல், எங்கள் சித்திரையைத் தாண்டாது. நீல நிறப் பம்பாஸ் விதை என்று விற்கிறார்களே, அப்படி ஒரு பம்பாஸ் உலகத்திலேயே இல்லை, படத்துக்குச் சாயம் பூசியிருக்கிறார்கள்.

7. கடதாசி வேலைகள்

மூன்று இடத்தில் கவனம் வேண்டும்.

மணலோ மண்ணோ ஏற்றுவதென்றால், வாகனக்காரரிடம் புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகத்தின் அனுமதிப் பத்திரம் இருக்கவேண்டும். அதில் திகதியும் வாகன இலக்கமும் சரியாக இருக்கிறதா என்று இறக்குவதற்கு முன் பாருங்கள், கைபேசியில் ஒரு படமும் எடுத்து வையுங்கள். "பேர்மிட் பின்னால வருது" என்று சொல்லி விலை குறைக்கிறவர்களிடம் வாங்காதீர்கள். வழியில் பொலிஸ் மறித்தால் முற்பணம் போனது போனதுதான். எனக்குப் போயிருக்கிறது.

இரண்டாவது, வெளிநாட்டு விதை. உறவினர் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவருவது பாசத்தில்தான். ஆனால் 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி விதையும் கன்றும் கொண்டுவர முன்கூட்டியே அனுமதி எடுக்கவேண்டும், அனுப்பும் நாட்டின் தாவரச் சுகாதாரச் சான்றிதழும் வேண்டும். இல்லாவிட்டால் விமான நிலையத்திலேயே பறித்துவிடலாம். ரொறன்ரோக் கடைகளில் விற்கும் புல்விதை பெரும்பாலும் குளிர்காலப் புல். கெண்டகி புளூகிராஸ், ரை, பெஸ்கியூ எதுவாக இருந்தாலும் இங்கே முளைத்து ஒரு மாதம் மினுங்கிவிட்டுப் போகும். அண்ணாவிடம் விதைக்குப் பதிலாக நல்ல கத்தரிக்கோல் ஒன்று கேளுங்கள்.

மூன்றாவது, பற்றுச்சீட்டு. புல்லின் வகை, எத்தனை சதுர அடி, எப்போது வெட்டியது, பட்டுப்போனால் மாற்றித் தருவார்களா என்பதை அதில் எழுதி வாங்குங்கள். "புல் - 1000" என்று மட்டும் எழுதிய துண்டை வைத்துக்கொண்டு என்னால் ஒன்றும் கேட்க முடியவில்லை.

8. செலவை எப்படிக் கணக்கிடுவது

விலை மாதத்துக்கு மாதம் ஆடுகிறது. அதனால் ரூபாயை விட்டு அளவைச் சொல்கிறேன். இன்றைய விலையால் நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

ஆயிரம் சதுர அடிப் புல்தரை, நாலு அங்குல மண்: 333 கன அடி, அதாவது 3.3 கியூப். அதற்கு மேல் புல் 1000 சதுர அடி, ஏற்றுக்கூலி, இரண்டு பேருக்கு மூன்று நாள் கூலி, எல்லைக் கல், குழாய், தெளிப்பான், வெட்டும் மெஷின் அல்லது மாதாமாதம் வெட்டுகிறவருக்குக் கூலி. என் கணக்கில் புல்லின் விலை மொத்தத்தில் பாதிக்கும் குறைவு. விலை கேட்கும்போது "சதுர அடி எவ்வளவு?" என்று மட்டும் கேட்டு மனதைத் தேற்றிக்கொள்வது அதனால்தான் ஆபத்து.

நாற்பது தூர் அலங்காரப் புல்: 40 கன அடிக் குழி. தோண்டிய மண்ணில் பாதியையும் கூட்டெருவில் பாதியையும் கலந்தால் வெளியிலிருந்து வரவேண்டியது 20 கன அடி மட்டும். ஒருவர் ஒரு நாளில் முடிப்பார். வெட்டிவேர் என்றால் தூருக்கு மூன்று நாற்று, மொத்தம் 120. பழைய தூர் ஒன்றில் முப்பதாவது பிரியும், ஆக நாலு தூர் வைத்திருப்பவரைத் தெரிந்தால் போதும்.

புல்தரையில் மிச்சம் பிடிக்க ஒரு வழி இருக்கிறது. முழுதாக விரிக்காமல் துண்டாக நடுங்கள். ஒரு சதுர அடிப் புல்லை மூன்று அங்குலத் துண்டாக வெட்டினால் 16 துண்டு. அரையடிக்கு ஒன்றாக நட்டால் அது நாலு சதுர அடியை மூடும். 1000க்கு 250 சதுர அடி வாங்கினால் சரி. மூடுவதற்கு மூன்று நாலு மாதம் ஆகும், அதுவரை களை எடுக்கவேண்டும்.

9. எப்போது நடுவது

புல்தரைக்கு நல்ல காலம் ஐப்பசித் தொடக்கம், முதல் மழை இரண்டு விழுந்த பிறகு. கார்த்திகை அடைமழைக்கு முன் மூன்று நாலு கிழமை கிடைத்தால் வேர் பிடித்துவிடும். அந்தக் காலத்தைத் தவறவிட்டால் அவசரப்படாமல் தை வரை பொறுங்கள். கார்த்திகை, மார்கழியில் தாழமுக்கம் வந்து ஒரே நாளில் கொட்டினால் புதுமண்ணும் புல்லும் சேர்ந்து வீதிக்குப் போகும். தையில் நிலம் ஊறியிருக்கும், வெயில் மெதுவாக ஏறும். மாசிக்குப் பிறகு ஆவணி வரை புல்தரை போடவே வேண்டாம், யார் வந்தாலும் சரி.

தூர்ப்புல்லுக்கு இவ்வளவு கண்டிப்பு இல்லை. புரட்டாசிக் கடைசியிலிருந்து மாசி வரை எப்போதும் நடலாம்.

மண் ஏற்றும் வேலையை நடுவதற்கு ஆறு கிழமை முன்பே முடியுங்கள். வந்த மண்ணில் கோரைக் கிழங்கு வரும், வராமல் இருக்காது. மண்ணைப் பரப்பி, தண்ணீர் தெளித்து, இரண்டு கிழமை சும்மா விடுங்கள். கோரை முளைக்கும். கிழங்கோடு தோண்டி எடுங்கள். மறுபடி தண்ணீர், மறுபடி இரண்டு கிழமை. இப்படி மூன்று தடவை. லாண்ட்மாஸ்டரால், அதாவது இரண்டு சில்லு உழவு இயந்திரத்தால், உழுதுவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கிழங்குச் சங்கிலி அறுந்து ஒன்று பத்தாகும். புல் விரித்த பிறகு கோரை வந்தால் பிறகு உங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் அதற்குத்தான்.

10. நடும் நாள்

தெற்கிலிருந்து லொறியில் வரும் புல் இரவு முழுக்க அடுக்கில் இருந்து வெந்துவிடும். இறக்குவதற்கு முன் அடுக்கின் நடுவில் கையை விடுங்கள். சூடாக இருந்து, அழுகிய மணம் வந்தால் இறக்கவிடாதீர்கள். காலை ஏழு மணிக்கு வருமாறு சொல்லுங்கள், அன்றே விரித்து முடியுங்கள். நிலத்தை முதலில் நனைத்து, செங்கல் கட்டுவது போல மூட்டு மாறி மாறி வர அடுக்கி, பலகை போட்டு மிதித்து, மறுபடி தண்ணீர். முதல் இரண்டு கிழமை காலையும் பின்னேரமும் கொஞ்சம் கொஞ்சமாக. நாலாம் கிழமையிலிருந்து மூன்று நாளைக்கு ஒருக்கால், நன்றாக ஊறும்படி. தினமும் மேலால் தெளித்துப் பழக்கினால் வேர் மேலேயே நின்றுவிடும்.

வெட்டிவேர் நாற்றின் இலையை அரையடிக்கும் வேரை மூன்று அங்குலத்துக்கும் வெட்டி, மூன்று நாற்றைச் சேர்த்து ஒரு குழியில் வையுங்கள். தூருக்குத் தூர் இரண்டரையிலிருந்து மூன்றடி விடவேண்டும். நட்ட அன்று வெறுமையாகத் தெரியும், நெருக்கி நடக் கை துடிக்கும், நடாதீர்கள். முழுக்கைச் சட்டையும் கையுறையும் போடுங்கள், இலை ஓரம் பிளேடு மாதிரி அறுக்கும்.

11. பிறகு வரும் தொல்லைகள்

தோளில் மாட்டும் மெஷினோடு வருகிறவர்கள் நிலம் தெரிய வழித்துவிட்டுப் போவார்கள், அடுத்த மாதம் வரத் தேவையில்லை என்று உங்களுக்கு நல்லது செய்வதாக நினைப்பு. இருக்கும் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே தடவையில் வெட்ட விடாதீர்கள். அறுகை ஒன்றரை அங்குலத்திலும், பஃபலோ புல்லை மூன்று அங்குலத்திலும் நிறுத்துங்கள். கோடையில் இன்னும் கொஞ்சம் உயரமாக விட்டால் நிலம் காயாது.

யூரியாவை அள்ளி வீசாதீர்கள். சுண்ணாம்புக் கல்லின் வெடிப்பு வழியாக அது நேரே கிணற்றுக்குப் போகும். குடாநாட்டுக் கிணறுகளில் நைத்திரேற்று ஏற்கெனவே பெரிய பிரச்சினை. வருசத்துக்கு இரண்டு தடவை சல்லடையில் அரித்த கூட்டெருவைத் தூவினால் வீட்டுப் புல்லுக்குப் போதும்.

கட்டாக்காலி மாடுகளுக்கு உங்கள் கேற் திறந்திருப்பது எப்படியோ தெரிந்துவிடும். புதுப் புல்தரையை ஒரு இரவில் பாய் சுருட்டுவது போல உரித்துவிடும். முற்றிய வெட்டிவேரை அவை அவ்வளவாகத் தொடுவதில்லை.

பாம்பு விடயத்தில் பாதகம் தூர்ப்புல்லுக்கு. அடர்ந்த தூர் எலிக்கும் அதைத் தேடி வரும் புடையனுக்கும் நல்ல மறைவு. அதனால் வாசற்படி, கிணற்றடி, பிள்ளைகள் விளையாடும் இடம் மூன்றிலிருந்தும் ஆறடி தள்ளியே நடுங்கள். அடியில் விழும் காய்ந்த இலையை மாதம் ஒரு தடவை தடியால் தட்டிப் பார்த்த பிறகு வாருங்கள். இரவில் அந்தப் பக்கம் போவதென்றால் ரோர்ச்.

வருசாந்த வெட்டு புரட்டாசிக் கடைசியில். தூரைக் கயிற்றால் இறுக்கிக் கட்டி, நிலத்திலிருந்து அரையடி விட்டு அறுத்தால் இலை சிதறாது. குளிர்நாட்டு வீடியோக்களில் பங்குனியில் வெட்டச் சொல்வார்கள், இங்கே அப்படி வெட்டினால் துளிர் வரும் நேரத்தில் வெயில் வரும். மூன்று வருசத்தில் தூரின் நடு பட்டுப்போய் வளையம் மாதிரித் தெரியும். அப்போது தோண்டிப் பிரித்து நடவேண்டும்.

இப்போது என் முற்றத்தில் விறாந்தைக்கு முன்னால் இருநூறு சதுர அடி அறுகு இருக்கிறது. கோடையில் நாளுக்கு ஏழெட்டு வாளித் தண்ணீர், அரிசி கழுவியதும் அதில் சேரும். மதிலோரம் முப்பத்தெட்டு தூர், அதில் முப்பது வெட்டிவேர். மிச்சம் மணல், காலையில் அம்மா கூட்டுகிறார். நாற்றுப் பிரிப்பதென்றால் புரட்டாசியில் ஈரச் சாக்கோடு வாருங்கள். சாக்கில் சுற்றி நிழலில் வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும்.